வீதி யாருக்கு உரியது? – நெதர்லாந்தின் துவிச்சக்கரவண்டிப் பாதைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நெதர்லாந்து மக்கள் பெருமளவிற் துவிச்சக்கரவண்டியைப் பயன்படுத்துவதற்கு அந்நாட்டின் தட்டையான நிலவமைப்பே காரணம் என்னும் கருத்துப் பரவலாக நிலவுகின்றது. உல்லாசப் பயணிகளுக்கான கைநூல்கள் மட்டுமன்றி, நகரத் திட்டமிடல் பற்றிப் பேசும் அறிஞர் சிலரும் இதனை ஆய்வின்றி ஏற்றுக்கொள்கின்றனர். இக்கருத்து முற்றிலும் பிழையானதன்று. மலைநாட்டில் வண்டி மிதிப்பது கடினம் என்பதை விளக்க எவ்வித ஆராய்ச்சியும் வேண்டியதில்லை. ஆயினும் நிலவமைப்பு ஒன்றே காரணமாயின், 1950க்கும் 1975க்கும் இடைப்பட்ட காலப்பகுதியில் அதே தட்டையான நிலத்திற் துவிச்சக்கரவண்டிப் பயணம் ஏன் தொடர்ந்து வீழ்ச்சியுற்றது என்னும் வினாவுக்கு விடை காண இயலாது. அக்காலத்தில் நிலம் மேடு பள்ளமாகிவிடவில்லை. வீதியின் மீதான உரிமையே ஒரு சாராரிடமிருந்து இன்னொரு சாராருக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. அவ்வுரிமை ஓரளவுக்கேனும் மீட்கப்பட்டமை எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

துவிச்சக்கரவண்டி நெதர்லாந்துக்கு வந்தபோது அது உழைக்கும் மக்களின் வாகனமாக இருக்கவில்லை. வசதி படைத்த இளைஞரின் பொழுதுபோக்காகவே அது தொடங்கியது. 1883இல் இத்தகையோர் ஒன்றுகூடி நிறுவிய சங்கமே ஏ.என்.டபிள்யூ.பி. என்னும் எழுத்துக்களால் அறியப்படும் துவிச்சக்கரவண்டியோட்டிகள் சங்கமாகும். நாட்டின் முதலாவது துவிச்சக்கரவண்டிப் பாதை எனக் கருதப்படுவது 1885இல் உட்ரெக்ட் நகரின் மாலிபான் சாலையோரமாக அமைக்கப்பட்டது. வண்டியின் விலை குறையக் குறைய ஆலைத் தொழிலாளர், எழுதுவினைஞர், பாடசாலை மாணவர் ஆகியோரின் அன்றாடப் பயணம் அதன் மீதே நிகழலாயிற்று. மறுபுறம், அதே சங்கத்தின் வசதி படைத்த உறுப்பினர் மோட்டார் வாகனங்களுக்கு மாறினர். பெயரிற் துவிச்சக்கரவண்டியைச் சுமந்தபடியே சங்கமும் காலப்போக்கில் மோட்டார் வாகன உரிமையாளரின் சங்கமாயிற்று. இம்முரண்பாடு பின்னர் நீதிமன்றம்வரை சென்றமையைக் கீழே காணலாம்.

1924இல் துவிச்சக்கரவண்டி வைத்திருப்போர் மீது வரியொன்று விதிக்கப்பட்டது. வரி செலுத்தியமைக்கு அடையாளமாகச் சிறியதோர் உலோகத் தகட்டை வண்டியிற் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஏழைத் தொழிலாளியிடமிருந்தும் பெறப்பட்ட இவ்வரி வருமானம் பெருந்தெருக்களை அமைப்பதற்கான நிதிக்கும் சென்றது. அத்தெருக்களோரமாகத் துவிச்சக்கரவண்டிப் பாதைகளும் அமைக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் அவை யாருடைய நன்மைக்காக அமைக்கப்பட்டன என்பதை நுணுகி நோக்குதல் வேண்டும். மோட்டார் வாகனம் தடையின்றி விரைந்து செல்வதற்கு வண்டியோட்டிகளைப் பிரதான பாதையிலிருந்து அகற்றுவது அவசியமாயிற்று. அவ்வாறு அகற்றப்பட்டோரை விடுவதற்கான ஓர் இடமாகவே பல பாதைகள் அக்காலத்தில் எண்ணப்பட்டன. இங்கிலாந்தின் நிகழ்ச்சியொன்று இதனைத் தெளிவாக்கும். 1934இல் இலண்டனின் வெஸ்ரேண் அவெனியூவில் முதலாவது துவிச்சக்கரவண்டிப் பாதை திறக்கப்பட்டபோது, அந்நாட்டு வண்டியோட்டிகளின் அமைப்புக்களே அதனை எதிர்த்தன. பாதை தருவதாகக் கூறி வீதியைப் பறித்துக்கொள்வர் என அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் வீணானதெனக் கூறுதல் எளிதன்று. ஒரே பாதை பாதுகாப்பாகவும் அமையலாம். ஒதுக்கிவைத்தலாகவும் அமையலாம் என்பதை இவ்விடத்திற் குறித்துக்கொள்வது பின்னர் வருவனவற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

ஜேர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1941இல், துவிச்சக்கரவண்டி வரி நீக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டே ஆக்கிரமிப்பாளர் மக்களின் வண்டிகளைப் பறிமுதல் செய்யத் தொடங்கினர். வரியை நீக்கியவர்களே வண்டியையும் கொண்டுசென்றனர் என்னும் கசப்பு அந்நாட்டு மக்களின் நினைவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. உதைபந்தாட்டப் போட்டிகளிற் ஜேர்மானிய அணியை நோக்கி, வண்டியைத் திருப்பித் தா எனக் கூச்சலிடும் வழக்கம் அதன் எச்சமாகும்.

போரின் பின்னர் ஏற்பட்ட பொருளாதார வளர்ச்சி மோட்டார் வாகனத்தை மத்தியதர வர்க்கத்தினரின் கைக்கெட்டச் செய்தது. பழைய நகரங்களின் ஒடுங்கிய வீதிகள் இப்புதிய வாகனத்தைத் தாங்கமாட்டா என்பது விரைவிற் தெளிவாயிற்று. வாகனத்துக்கு ஏற்ப நகரை மாற்றுவதே முன்னேற்றம் என்னும் எண்ணம் அக்காலத்து நிருவாகிகளிடையே ஆழமாக வேரூன்றியிருந்தது. 1954இல் அம்ஸ்டர்டாமின் பொலிஸ் தலைமை அதிகாரியான காஸ்யாகர், நகரின் கால்வாய்கள் பலவற்றை மண்ணிட்டு நிரப்பி வீதிகளாகவும் தரிப்பிடங்களாகவும் ஆக்கலாமென ஒரு திட்டத்தை முன்வைத்தார். அவர் நிரப்ப எண்ணிய கால்வாய்களைச் சூழவுள்ள மாளிகைகள் 17ஆம் நூற்றாண்டின் வணிகச் செல்வத்தால் எழுந்தவை. அச்செல்வத்தில் இலங்கைக் கறுவாவின் பங்கும் உண்டென்பதை இங்கு நினைவுகூரலாம். எதிர்ப்பின் காரணமாக அத்திட்டம் கைவிடப்பட்டது. 1967இல் ஜொக்கினென் என்னும் அமெரிக்கத் திட்டமிடலாளர் மோட்டார் வாகன நலன் நாடும் அமைப்பொன்றின் ஆதரவுடன் இன்னொரு திட்டத்தை வெளியிட்டார். சிங்கல்கிராக்ட் என்னும் புறவளையக் கால்வாயை நிரப்பி அதன்மேல் அகன்ற விரைவுவீதி அமைத்தலும், தே பைப் போன்ற தொழிலாளர் குடியிருப்புக்களை இடித்து அகற்றுதலும் அதன் பகுதிகளாயிருந்தன. இதுவும் நிறைவேறவில்லை. ஆயினும் உட்ரெக்ட் நகரிற் கதை வேறாக முடிந்தது. அங்கு பழைய நகரைச் சூழ்ந்த அகழியின் ஒரு பகுதி உண்மையிலேயே வற்றச் செய்யப்பட்டு, 1970களில் அதன் படுக்கையில் விரைவுவீதி அமைக்கப்பட்டது.

இப்போக்குக்கு எதிரான முதற் குரல் விளையாட்டும் கலகமும் கலந்த ஓர் இளைஞர் கூட்டத்திடமிருந்து எழுந்தது. 1965இல் அம்ஸ்டர்டாமின் புரோவோ இயக்கத்தைச் சேர்ந்த லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க், வெண்ணிறம் தீட்டப்பட்ட துவிச்சக்கரவண்டிகளைப் பொதுச்சொத்தாக நகரெங்கும் விட்டுவைக்கும் திட்டத்தை முன்மொழிந்தார். எவரும் எடுத்துச் செல்லலாம். சென்ற இடத்தில் விட்டுவிடலாம். பூட்டின்றி வண்டியை வீதியில் விடுதல் களவைத் தூண்டும் செயல் எனக் கூறிப் பொலிசார் அவற்றைக் கைப்பற்றினர். இயக்கத்தினர் எண்பூட்டுக்களைப் பொருத்தி, திறக்கும் எண்ணையும் வண்டியிலேயே எழுதிவைத்தனர். நகைப்புக்குரிய இச்சம்பவத்துட் பொதிந்திருந்த வினா ஆழமானது. தனியுடைமையான காரை நாள் முழுவதும் பொதுவீதியில் நிறுத்திவைத்தல் குற்றமாகாதபோது, பொதுவுடைமையான வண்டியை நிறுத்துதல் எவ்வாறு குற்றமாயிற்று என்பதே அது. ஆயினும் புரோவோ இயக்கம் தாய்மாரையோ தொழிலாளரையோ அணிதிரட்டியதெனக் கூறமுடியாது. 1967இல் அது தானாகவே கலைந்தது.

பொதுமக்களை வீதிக்கு அழைத்தது மரணமே. 1972இல் நெதர்லாந்தின் வீதிகளில் 3,264 பேர் இறந்தனர். அந்நாட்டு வரலாற்றில் அதுவே உச்சமாகும். அதற்கு முந்திய 1971ஆம் ஆண்டிற் கொல்லப்பட்டோருள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பாடசாலைக்கும் விளையாட்டிடத்துக்கும் சென்றவர்களே இவர்களுட் பலர். தே தெய்த் என்னும் பத்திரிகையின் எழுத்தாளரான விக் லாங்கென்ஹொப் 1971இல் தமது ஆறு வயது மகளை இவ்வாறு இழந்தார். துவிச்சக்கரவண்டியிற் பாடசாலை சென்ற சிறுமி அவள். 1972 செப்டெம்பரில் அவர் தமது பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்பதாகும். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகியது.

கொலை என்னும் சொல் இவ்வரலாற்றிற் பெறும் இடம் தனித்து நோக்கத்தக்கது. அதுவரை வீதியில் நிகழ்ந்த மரணம் யாவும் விபத்து என்னும் பெயராலேயே வழங்கின. விபத்து என்பது எழுவாய் அற்ற ஒரு நிகழ்ச்சி. மழையும் இடியும் போல அது நேர்கின்றது. அதற்கு எவரும் பொறுப்பாளியல்லர். குழந்தை அவதானமின்றி ஓடியது, தாய் கவனிக்கத் தவறினாள் என்னும் பேச்சே எஞ்சும். பாடசாலைகளில் வீதி ஒழுங்கு கற்பிக்கும் முயற்சிகளின் அடிப்படையும் இதுவாகவே இருந்தது. கொலை என்று கூறியதும் கொலையாளி யார் என்னும் கேள்வி தவிர்க்கமுடியாததாகின்றது. இயக்கத்தினர் தனித்தனிச் சாரதிகளைக் கொலைகாரர் எனச் சுட்டியதாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்களது குற்றச்சாட்டு வீதியை வடிவமைத்தோர் மீதும், அதற்குப் பணம் ஒதுக்கியோர் மீதும், வேகத்துக்குக் குழந்தைகளின் உயிரை விலையாக ஏற்றுக்கொண்ட சமூகத்தின் மீதும் திரும்பியது. சொல்லொன்றின் மாற்றத்தால் தனிமனிதத் துயர் அரசியற் பிரச்சினையாகியமைக்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

இயக்கத்தின் முதற் தலைவியான மார்ட்யே வன் பூட்டென் அப்போது இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இளம்பெண். பின்னாளில் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகியவர். விபத்து மிகுந்த சந்திகளை மறித்தமர்தல், குழந்தைகள் விளையாடுவதற்கென வீதிகளை ஒரு நாளுக்கு மூடுதல், விருந்துண்ணும் மேசைகளை நடுவீதியிற் பரப்புதல் முதலியன அவர்கள் கைக்கொண்ட முறைகளாகும். ஜொக்கினென் இடித்தகற்ற விரும்பிய அதே தே பைப் பகுதியில், சிறுவர்களே தமது தெருவைக் கார்களிடமிருந்து மீட்கக் கையொப்பம் திரட்டினர். பாதுகாப்பாக விளையாட இடமற்ற நெருக்கமான குடியிருப்பு அது. இயக்கத்தினர் அதிகாரத்திலிருந்தோரைப் பகைவராக மட்டும் நோக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 1973இற் பிரதமரான தொழிற்கட்சியைச் சேர்ந்த யோப் தென் ஊல் அவர்களைத் தமது இல்லத்துக்கு அழைத்துத் தேநீர் வழங்கி உரையாடினார். காலப்போக்கில் அரசாங்கம் அவ்வியக்கத்துக்கு நிதியுதவியும் செய்தது. அரசின் பணத்தைப் பெற்ற பின் எதிர்ப்பின் கூர்மை மழுங்கும் என்பது பொதுவான அனுபவமாயினும், இங்கு அப்பணம் பாதுகாப்பான வீதிகளை வரைந்து காட்டும் தொழில்நுட்ப அறிவை இயக்கத்தினர் பெறுவதற்குப் பயன்பட்டது.

இதே வேளையில் வெளியுலக நிகழ்ச்சியொன்றும் துணைசெய்தது. 1973 ஒக்டோபரில் மூண்ட மத்திய கிழக்குப் போரைத் தொடர்ந்து அராபிய எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் வழங்குவதை நிறுத்தின. 1973 நவெம்பர் 4 முதல் 1974 சனவரி 6 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் கார்கள் ஓடுவது தடைசெய்யப்பட்டது. விரைவுவீதிகளில் மக்கள் துவிச்சக்கரவண்டியிலும் கால்நடையாகவும் சென்றனர். எண்ணெய் நெருக்கடியே துவிச்சக்கரவண்டிப் பாதைகளைத் தந்தது எனச் சிலர் எழுதுவர். அந்நெருக்கடி மேற்கைரோப்பா முழுவதையும் பாதித்தது. எனினும் எல்லா நாடுகளும் பாதைகளை அமைக்கவில்லை. அமைதியான வீதி எத்தகையது என்பதைச் சில ஞாயிறுகளுக்குக் கண்ணாற் காணச் செய்தமையே அதன் பங்களிப்பு எனலாம். அதனைப் பயன்படுத்திக்கொள்ள ஏற்கனவே திரண்ட மக்கள் அங்கு இருந்தனர்.

1975இல் வண்டியோட்டிகளுக்கெனப் புதிய சங்கமொன்று தோன்றியது. பழைய சங்கம் கார் உரிமையாளரின் சங்கமாகிவிட்டதை இடித்துரைக்கும் வகையிற் தம்மை ‘உண்மையான’ துவிச்சக்கரவண்டியோட்டிகள் சங்கம் என அவர்கள் அழைத்துக்கொண்டனர். பழைய சங்கம் பெயருரிமை கோரி வழக்குத் தொடுத்தது. புதிய சங்கத்தினர் தமது பெயரில் ஒரு சொல்லை மாற்றவேண்டியதாயிற்று. வழக்கிற் தோற்றபோதும், 92 ஆண்டுகளாக வண்டியோட்டிகளின் பெயரைச் சுமந்த அமைப்பு யாருக்காகப் பேசுகிறது என்னும் கேள்வியை நாடறியச் செய்தமை அவர்களுக்குக் கிடைத்த ஆதாயமாகும். 1970களின் பிற்பகுதியில் அம்ஸ்டர்டாமில் ஆயிரக்கணக்கானோர் பங்கேற்ற வண்டி ஊர்வலங்களை ஒழுங்குசெய்தோரில் இச்சங்கத்தவரும் முக்கியமானவர். மறுபுறம், அபாயமான இடங்கள் எவையெனத் தெருத்தெருவாக ஆராய்ந்து மாநகரசபைக்கு அறிக்கை கொடுத்தவர்களும் இவர்களே. ஆரவாரத்தைவிட இப்பொறுமையான வேலை அதிக பயன் தந்ததென்றே கொள்ளவேண்டும்.

எதிர்ப்பிலிருந்து கட்டுமானத்துக்குச் சென்ற வழியை அறிய டெல்ஃப்ட் என்னும் சிறிய நகரை நோக்குதல் வேண்டும். 1960களின் இறுதியில் இந்நகரின் சில குடியிருப்புத் தெருக்களில் நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் இடையிலான உயரவேறுபாடு நீக்கப்பட்டது. மரங்களும் இருக்கைகளும் பூத்தொட்டிகளும் வளைவுகளும் இடப்பட்டன. நேராக விரைந்து செல்ல இயலாத சாரதி நடப்பவனின் வேகத்திலேயே செல்லவேண்டியதாயிற்று. ‘வூன்எர்ப்’ என வழங்கும் இது, வாழும் முற்றம் எனப் பொருள்படும். 1976இல் இதற்குச் சட்டபூர்வமான தகுதி அளிக்கப்பட்டது. அத்தகைய தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தவும் அதில் விளையாடவும் சட்டம் இடமளித்தது. கார் அங்கு விருந்தாளியே. அறிவிப்புப் பலகையிற் சொல்லப்படும் கட்டளையை மீறுவது எளிது. கல்லிலும் மரத்திலும் எழுதப்பட்ட கட்டளையை மீறுவது எளிதன்று என்னும் பொறியியல் அறிவு இங்கு பிறந்தது.

பிரதான வீதிகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றுக்கெனத் தேசிய அரசாங்கத்தின் செலவில், 1970களின் நடுப்பகுதியில் ஹேக், ரில்பேர்க் ஆகிய இரு நகரங்களிலும் மாதிரிப் பாதைகள் அமைக்கப்பட்டன. நகரை ஊடறுத்துச் செல்லும், அகன்ற, செந்நிறமான, வாகனங்களிலிருந்து பிரிக்கப்பட்ட பாதைகள் அவை. ஹேக் நகரின் கடைக்காரர், கார் நிறுத்த இடமின்றேல் வாடிக்கையாளர் வரமாட்டார் எனக் கூறிக் கடுமையாக எதிர்த்தனர். இவ்வாதம் பின்னர் உலகின் வேறு நகரங்களிலும் ஏறக்குறைய அதே சொற்களில் எழுந்ததைக் காணலாம். மாதிரிப் பாதைகளின் பயன் ஆராயப்பட்டபோது கிடைத்த முடிவு எதிர்பார்த்ததாக இருக்கவில்லை. அப்பாதைகளில் வண்டிகள் பெருகின, சென்றோரும் மகிழ்ந்தனர். ஆனால் அவர்களுட் பலர் அருகிலுள்ள வீதிகளிலிருந்து இடம் மாறியவர்களே. நகரம் முழுவதிலும் துவிச்சக்கரவண்டிப் பயணம் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. எத்துணை சிறந்ததாயினும் தனியொரு பாதை, வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வாசல்வரை ஒருவரைக் கொண்டுசேர்ப்பதில்லை. இடையில் ஒரேயொரு அபாயமான சந்தி இருப்பினும் தாய் குழந்தையைத் தனியே அனுப்பமாட்டாள்.

இப்பட்டறிவின் விளைவே 1979இல் டெல்ஃப்ட் நகரசபை ஏற்றுக்கொண்ட துவிச்சக்கரவண்டி வலையமைப்புத் திட்டமாகும். 1982 முதல் 1987 வரை அது நிறைவேற்றப்பட்டது. மூன்று நிலைகளில் வலை பின்னப்பட்டது. ஏறத்தாழ 500 மீற்றர் இடைவெளியில் நகரை ஊடறுக்கும் பாதைகள், அவற்றினுட் 200 முதல் 300 மீற்றர் இடைவெளியிற் பகுதிகளை இணைப்பவை, மேலும் நெருக்கமாக அயலகத்துச் சிறுவழிகள் என அவை அமைந்தன. கால்வாய்களும் இருப்புப்பாதையும் விரைவுவீதியும் நகரைத் துண்டாடியிருந்தமையாற் செலவின் பெரும்பகுதி பாலங்களுக்கும் சுரங்கவழிகளுக்கும் சென்றது. அயலகத்துச் சிறுவழிகளுக்கோ சொற்ப பணமே தேவைப்பட்டது. சில இடங்களில் ஒரு வேலியில் இடைவெளி விடுதலே போதுமாயிற்று. முன்னர் ஏறத்தாழ 40 வீதமாக இருந்த துவிச்சக்கரவண்டிப் பயணம் திட்டத்தின் பின் 43 வீதமாகியது. இவ்வுயர்வு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஏற்கனவே உயர்ந்திருந்த ஓர் அளவு, ஏனைய இடங்களின் போக்குக்கு மாறாக மேலும் உயர்ந்தது என்பதே இதன் முக்கியத்துவம்.

வடபுலத்திலுள்ள குரோனிங்கன் நகரம் வேறொரு வழியைத் தேர்ந்தது. பல்கலைக்கழக நகரான இங்கு 1970களில் இளம் இடதுசாரிகள் மாநகர ஆட்சியிற் செல்வாக்குப் பெற்றனர். அவர்களுள் முதன்மையானவர் மக்ஸ் வன் தென் பேர்க். நகராட்சிப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 24. 1977 செப்டெம்பரில், ஒரே இரவில், நகர மையம் நான்கு கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. கார் ஒரு கூற்றுக்குள் வரலாம். ஆனால் அங்கிருந்து அடுத்த கூற்றுக்கு நேரே செல்லவியலாது. புறவளைய வீதிக்குத் திரும்பிச் சுற்றியே வரவேண்டும். துவிச்சக்கரவண்டியும் பாதசாரியும் எங்கும் நேரே செல்லலாம். வணிகர்களின் சீற்றம் பெரிதாக இருந்தது. இத்திட்டத்திற் புதிய பாதை அமைத்ததைவிடப் பழைய வீதிகளின் இணைப்பைத் துண்டித்ததே அதிகம் என்பது நோக்கத்தக்கது. செலவு குறைவு; அரசியற் துணிவு அதிகம். ஊர்வலமோ கொலைக் குற்றச்சாட்டோ முன்னின்ற அம்ஸ்டர்டாமிலிருந்து இது வேறுபட்டது. மக்களின் கருத்தைத் திரட்டி முடிப்பதற்கு முன்னரே ஆட்சியாளர் செயற்பட்டனர் என்னும் குறையை இதன் மீது சுமத்தலாம். அக்குறை நியாயமற்றதன்று. எனினும் அந்நகரம் பின்னர் அத்திட்டத்தைத் திரும்பப் பெறவுமில்லை.

முப்பதுகளில் ஒதுக்கிவைத்தலின் கருவியாக இருந்த பாதை எழுபதுகளிற் பாதுகாப்பின் கருவியாக மாறியமைக்கு அதன் வடிவம் மட்டும் காரணமன்று. வளைந்து சுற்றிச் செல்லும் பாதையைப் பெற்ற வண்டியோட்டி, நேர்வழியைக் காருக்கு இழந்தவனாகின்றான். எனவே பாதை நேராகவும் தொடர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும் என்பது நெதர்லாந்துப் பொறியியலாளர் 1993இல் வெளியிட்ட வடிவமைப்புக் கைநூலின் அடிப்படைக் கோரிக்கைகளுட் சேர்க்கப்பட்டது. சட்டமும் இதற்கு இசைந்தது. மோட்டார் வாகனம் துவிச்சக்கரவண்டியிலோ பாதசாரியிலோ மோதும்போது, தவிர்க்கவியலாத நிலை நிரூபிக்கப்பட்டாலன்றி, நட்டஈட்டுப் பொறுப்பு வாகன உரிமையாளரையே சாரும். 14 வயதுக்குட்பட்ட சிறுவர் பாதிக்கப்படின் ஏறக்குறைய முழுப்பொறுப்பும் அவருடையதே. இது குற்றவியற் தண்டனை பற்றியதன்று, நட்டஈடு பற்றியது. பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. 1990இல் தேசிய அரசாங்கம் துவிச்சக்கரவண்டிக்கான பெருந்திட்டத்தை அறிவித்தபோது, நகரங்கள் தனித்தனியே கற்றவை நாட்டின் கொள்கையாயின.

2010இல் நெதர்லாந்தின் வீதிகளில் இறந்த சிறுவரின் தொகை 14. 1971இன் 400உடன் இதனை ஒப்பிட்டு முழுப்பெருமையையும் பாதைகளுக்கே அளிப்போர் உளர். வரலாற்று மாணவன் சற்று நிதானிக்க வேண்டும். 1974இல் மதுவருந்திச் சாரத்தியம் செய்வதற்கு எதிரான அளவு வரம்பு வந்தது. 1975இல் ஆசனப்பட்டியும், இயந்திர மிதிவண்டியோட்டிகளுக்குத் தலைக்கவசமும் கட்டாயமாயின. மருத்துவமும் முன்னேறியது. பிறப்பு வீதமும் குறைந்தது. பாதைகளும் வேகத் தடைகளும் வாழும் முற்றங்களும் இவற்றோடு சேர்ந்தே செயற்பட்டன. ஆனால் வேறு பல நாடுகளிற் குழந்தைகளை வீதியிலிருந்து அகற்றி வீட்டினுள்ளும் காரினுள்ளும் அடைத்தே இம்மரணங்கள் குறைக்கப்பட்டன. நெதர்லாந்தில் பத்து வயதுச் சிறுவன் தனியே வண்டியிற் பாடசாலை செல்லும் வழக்கம் அழியாமலே அவை குறைந்தன. பாதைகளின் பங்கினை அளக்கவேண்டிய இடம் இதுவே.

2020 செப்டெம்பரில் உட்ரெக்ட் நகரில், விரைவுவீதியாக்கப்பட்ட அகழியின் பகுதியில் மீண்டும் நீர் பாய்ச்சப்பட்டது. அதற்கு அண்மையிலுள்ள புகையிரத நிலையத்தின் கீழ் 12,500 துவிச்சக்கரவண்டிகளை நிறுத்தும் இடம் 2019இல் நிறைவுற்றிருந்தது. ஆயினும் பாதைகளிற் புதிய முரண்பாடுகள் தோன்றியுள்ளன. மின்வலுவில் இயங்கும் வண்டிகள் விரைகின்றன. சரக்கு வண்டிகள் அகலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எழுபதுகளின் கணக்கில் அமைந்த பாதைகள் அவற்றுக்குப் போதவில்லை. அம்ஸ்டர்டாம் மாநகரசபை 2019 ஏப்பிரலில் இலகுரக இயந்திர வண்டிகளைத் துவிச்சக்கரவண்டிப் பாதைகளிலிருந்து கார்கள் செல்லும் வீதிக்கு மாற்றியது. 2023 டிசெம்பரிற் பெரும்பாலான வீதிகளின் வேக எல்லையை மணிக்கு 30 கிலோமீற்றராகக் குறைத்தது. 2022இல் நாடு முழுவதும் 291 துவிச்சக்கரவண்டியோட்டிகள் வீதியில் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் முதியவர்கள்.